கையெழுத்துப் போடாத ரேங்க் கார்டு

எங்கள் செம்மேட்டுப்பாளையம் உயர்நிலைப்பள்ளியில் பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டின் கடைசிக் கட்டம் தானாக நிரம்பத் தொடங்கி இப்போது ஏழெட்டு வருஷம் ஆகிறது. பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்று காலையில் அது நிரம்பியிருக்கும், அதற்காக நாங்கள் யாரும் தேங்காய் உடைப்பதில்லை, டிவிக்காரர்களைக் கூப்பிடுவதும் இல்லை. நாமக்கல் பக்கத்து ஆட்கள் நாங்கள், நாளைய முட்டை விலையை இன்றைக்கே செல்போனில் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், எங்களிடம் வந்து வரப்போகும் மார்க் முன்கூட்டியே வருகிறது என்று சொன்னால் அதில் வாய் பிளக்க என்ன இருக்கிறது?

அந்தக் கட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் எங்கள் பள்ளியில் ஒரே மஞ்சள் அட்டைதான். காலாண்டுக்கு ஒரு கட்டம், அரையாண்டுக்கு ஒரு கட்டம், ஆண்டுத் தேர்வுக்கு ஒரு கட்டம், அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. பத்தாம் வகுப்புக்கு ஆண்டுத் தேர்வு என்பது அரசாங்கப் பொதுத்தேர்வு, அந்த மார்க் தனிக் காகிதத்தில் வந்துவிடும், ஆகையால் பத்தாவதுப் பிள்ளைகளின் கார்டில் மட்டும் கடைசிக் கட்டம், பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து காலியாகவே கிடந்தது. அந்தக் காலிக் கட்டத்தில்தான் ஒரு ஜனவரி மாதக் காலையில், வகுப்பாசிரியை தமயந்தி டீச்சர் பீரோவைத் திறந்து ஐம்பத்தெட்டு கார்டுகளையும் எடுத்தபோது, ஐம்பத்தெட்டு பேருக்கும் ஐந்து பாடத்துக்கும் கத்தரிப்பூ நிற மையில் மார்க் போட்டிருந்தது.

டீச்சர் மற்ற டீச்சர்களைச் சந்தேகப்பட்டார், மற்ற டீச்சர்கள் வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டார்கள், வாட்ச்மேனுக்கு எழுதத் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. தலைமையாசிரியர் அர்த்தநாரி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதச் சொல்லிப் பார்த்தார். ஏழு தமிழய்யாவின் ஏழு மாதிரி இருந்தது, நான்கு பி.இ.டி. வாத்தியாரின் நான்கு மாதிரி இருந்தது, எட்டு சாட்சாத் அர்த்தநாரியின் எட்டேதான். அவர் அரைமணி நேரம் யோசித்தார். கட்டம் காலியாக இருந்தால் இன்ஸ்பெக்ஷனில் வருஷா வருஷம் கேள்வி கேட்கிறார்கள், நிரம்பியது ஒருவகையில் நல்லதுதான் என்று முடிவு செய்து, கார்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து நாளைக்கே கையெழுத்தோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம், வருஷம் முடிகிறவரை ரேங்க் கார்டு ஒரு வீட்டில் ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது. நாங்களும் போட்டுக் கொடுத்தோம். மே மாதம் ரிசல்ட் வந்தது, ஐம்பத்தெட்டு பேருக்கும் ஒரு மார்க் பிசகவில்லை, பெயிலாவார்கள் என்று போட்டிருந்த இரண்டு பேர் பெயிலானார்கள்.

யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், அதோடு ஆச்சரியம் முடிந்தது, காரியம் ஆரம்பித்தது. அடுத்த ஜனவரியில் திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்காரர்கள் வேன் போட்டு வந்து பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தை டீக்கடையிலேயே விநியோகம் செய்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் அக்காளைப் பார்த்துவிட்டுத் தம்பியின் கடைசிக் கட்டத்தையும் ஒரு தடவை காட்டச் சொன்னார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வாக்குச் சொல்வதில் படிப்புச் சம்பந்தமான கேள்விகளை நிறுத்திவிட்டார், அது பள்ளிக்கூடத்து இலாகா என்றார். நானூற்று எழுபத்தொன்று விழுந்த மளிகைக்கடை வீட்டுப் பையன் அன்றைக்கே புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனான், பரீட்சை ஹாலில் அரைமணி நேரம் தூங்கவும் செய்தான், அப்படியும் நானூற்று எழுபத்தொன்றுதான் வாங்கினான். என் பையனுக்கு முந்நூற்று எண்பத்தெட்டு என்று வந்தது. அவன் நானூற்றைத் தாண்டுவான் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, ஆனாலும் வந்த எழுத்தை என்ன செய்ய முடியும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனாவை மூடும்போது அவன் என் முகத்தைப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இதில் அர்த்தநாரி சார் கண்டுபிடித்த காரியம் ஒன்று உண்டு. ஜனவரியிலேயே யார் பெயில் என்று தெரிந்துவிட்டால், பிப்ரவரியில் தேர்வெழுதுவோர் பட்டியல் அனுப்பும் முன்பே அந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுப் பேசி, கார்டில் ஒரு கையெழுத்தும் கூடவே ஒரு கடிதமும் வாங்கி, டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம், அனுப்பிவிட்டால் மிச்சமிருக்கிறவர்கள் எல்லோரும் பாஸ். அவர் கெட்ட மனிதர் இல்லை, குளிருக்குக் கிழிசல் சட்டையோடு வந்த பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தவர்தான், ஆனால் நூற்றுக்கு நூறு என்ற எண்ணுக்கு ஒரு போதை இருக்கிறது. இரண்டாம் வருஷம் இரண்டு பேர் போனார்கள், மூன்றாம் வருஷம் ஒருவன், நான்காம் வருஷம் மூன்று பேர். பள்ளி வாசலில் ‘தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக 100%’ என்று பிளக்ஸ் வைத்தோம், ஊர்க்காரர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். போன ஆறு பேர் எங்கே போனார்கள் என்று கேட்டால், ஒருவன் லாரி கிளீனர், ஒருத்தி கல்யாணமாகிக் கரூர், மற்றவர்கள் கோழிப்பண்ணை.

ஐந்தாம் வருஷ ஜனவரியில் கோபிகாவின் கார்டில் கணக்குக்கு நேரே இருபத்தெட்டு என்று விழுந்தது. மற்ற நான்கு பாடங்களிலும் ஐம்பது அறுபது என்று நல்லபடியாகவே இருந்தது, கணக்கில் மட்டும் பாஸுக்கு வேண்டிய முப்பத்தைந்துக்கு ஏழு மார்க் குறைவு. கோபிகாவின் அம்மா சிந்தாமணி கந்தசாமிக் கவுண்டர் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள், பண்ணை லைன் வீட்டிலேயே குடியிருப்பு, அப்பா துரைசாமி லாரி டிரைவர், மாதத்தில் இருபத்தைந்து நாள் நாக்பூர்ப் பக்கம். சிந்தாமணி எட்டாவது வரை படித்தவள், வாய்த்துடுக்குக்காரி, தட்டில் முட்டை அடுக்குகிற வேகத்தில் பேசுவாள், கோபம் வந்தால் இன்னும் வேகமாகப் பேசுவாள். மறுநாள் கார்டு திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாள் அர்த்தநாரி சார் ஆள் விட்டுக் கூப்பிட்டபோது, தலையில் கட்டிய துண்டும் கையில் கார்டுமாக அப்படியே வந்து நின்றாள்.

“உக்காரும்மா. இதுல ஒண்ணும் வருத்தப்படறதுக்கில்ல. வந்தது வந்திருச்சு. கார்டுல கையெழுத்தப் போட்டு, லெட்டர் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு டீசி வாங்கிக்க. பரீட்சை எழுதிப் பெயிலாகறதுக்கு இது எவ்வளவோ தேவல. புள்ளைக்கும் மனசு நோகாது, ஸ்கூலுக்கும் பேரு கெடாது.”

“இத யாருங் சார் போட்டது?”

“யாரும் போடலம்மா. அது தானா வருது. உனக்குத்தான் தெரியுமே.”

“தானா வந்ததுக்கு நான் எதுக்குங் சார் கையெழுத்துப் போடோணும்?”

சாரிடம் இதற்கு முன் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிந்தாமணி உட்காராமலே பேசினாள்.

“எங்க பண்ணையில கோழிச் செட்டுக்கு ஒரு சார்ட்டு தொங்கும் சார். இத்தனாவது வாரத்துல நூறு கோழிக்கு இத்தன முட்டை வருமுன்னு குஞ்சு குடுத்த கம்பெனிக்காரன் அச்சடிச்சுக் குடுத்தது. சார்ட்டுல இருக்கற அளவு வாரலீன்னா நாங்க கோழியப் புடிச்சு அறுக்கறதில்லீங். தண்ணிப் பைப்பு அடைச்சிருக்குதா, லைட்டு எரியுதா, தீவனத்துல எதாச்சும் கொறையான்னு ஒவ்வொண்ணாப் பாப்பமுங். சார்ட்டுல என்ன போட்டிருக்குதுன்னு கோழிக்குத் தெரியாதுங் சார்.”

“கோழியும் புள்ளையும் ஒண்ணாம்மா?”

“இல்லீங். கோழின்னா இன்னும் ஒரு வாரம் பாப்பமுன்னு சொல்லுவீங்க.”

கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அர்த்தநாரி சாருக்குக் கோபமான கோபம், ஆனால் பெற்றோர் கையெழுத்தும் கடிதமும் இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தால் தன் வேலைக்கே உலை வைத்துக்கொள்வதாகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே காத்திருந்தார். எங்கள் ஊர் வரலாற்றிலேயே ஒரு ரேங்க் கார்டு ஓர் இரவுக்கு மேல் ஒரு வீட்டில் தங்கியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் கோபிகாவே அம்மாவிடம் கெஞ்சினாள். “போட்டுரும்மா. ஸ்கூல்ல எல்லாரும் எம் மூஞ்சியவே பாக்கறாங்க. எப்படியும் வராதது வராது. நானும் உங்கூடப் பண்ணைக்கே வந்தர்றேன்.”

‘பண்ணைக்கே’ என்ற அந்த வார்த்தையைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று சிந்தாமணி பிற்பாடு சொன்னாள். ஏனென்றால் அவளுக்குப் பக்கத்துக் கூண்டு வரிசையில் முட்டை பொறுக்குகிற சௌந்தர்யா என்ற பெண், போன வருஷம் முப்பத்து மூன்று விழுந்து அப்பா கையெழுத்தால் வெளியே வந்தவள். பதினாறு வயதில் அமோனியா வாடையில் கண் கலங்க நின்றுகொண்டு, “எனக்கு ரெண்டே மார்க்குதான் அக்கா கொறைஞ்சுது” என்று நாளைக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவாள். சிந்தாமணி மகளைத் திட்டினாள், பிறகு பிடித்து எதிரே உட்கார வைத்தாள்.

“அழுவாம சொல்லு. தண்ணி எங்க நின்னுச்சு?”

கோபிகா பத்து, ஒன்பது, எட்டு என்று விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினாள். “ஆறாவதுல. மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைக்கு நாலு மாசம் போனமே, அப்பத்தாம்மா பின்னம் நடத்துனாங்க. திரும்பி வந்தப்ப முடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எந்தக் கணக்க எடுத்தாலும் நடுவுல அது வந்துரும். அது வந்ததும் நான் நின்னுருவேன்.”

மறுநாளிலிருந்து கோபிகா விளையாட்டுப் பீரியடிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஆறாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, தமயந்தி டீச்சரிடம் அனுமதி மட்டும் கேட்டாள். பத்தாவதுப் பெண், பாவாடை தாவணிக்கு நிற்கிற உயரம், பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அரையையும் கால்வாசியையும் கூட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு பல் விழுந்த ஒரு பொடிப்பெண் அவள் நோட்டை எட்டிப் பார்த்து, “அக்கா, கீழ இருக்கறத மொதல்ல ஒண்ணாக்கோணும் அக்கா, அப்பறந்தான் கூட்டோணும்” என்று திருத்தினாள். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். சிந்தாமணி வீட்டுப் புள்ளை டீசி வாங்கச் சொன்னால் திரும்பவும் ஒண்ணாம் வகுப்புக்குப் போகிறாள் என்று சலூனில் பேச்சு.

பத்து நாள் இருபத்தெட்டு இருபத்தெட்டாகவே இருந்தது. பதினோராம் நாள் காலையில் கோபிகா கார்டைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கத்திக் கூப்பிட்டாள். கத்தரிப்பூ மை அதே மைதான், எழுத்து அதே எழுத்துதான், எண் மட்டும் இருபத்தாறு.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டதே என்று வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். சிந்தாமணி கார்டை வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், இரண்டு வாரமாகச் சிரிக்காத சிரிப்பு.

“அட கிறுக்கி, எறங்குனதப் பாக்காத, நகுந்ததப் பாரு. தீவனம் மாத்துனா மொத வாரம் முட்டை கொறையத்தான் செய்யும். அப்பறம் ஏறும்.”

ஏறியது. இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தொன்பது. ஒருநாள் கோபிகாவுக்குக் காய்ச்சல், அன்று இருபத்தெட்டு. பிறகு முப்பது. லைன் வீட்டுப் பெண்கள் காலையில் வாளியோடு குழாய்க்குப் போகும்போது, இன்று பால் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி, இன்றைக்கு எத்தனை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

செய்தி ஊருக்குள் வந்த அன்று எங்களுக்குச் சந்தோஷம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஆத்திரம்தான் வந்தது. கையெழுத்துப் போடாத கார்டில் எண் நகர்கிறது என்றால், கையெழுத்துப் போட்ட நாங்கள் யார்? அந்த வருஷம் பிள்ளை வைத்திருந்தவர்கள் பள்ளிக்கு ஓடிப் போய்ப் பீரோவைத் திறக்கச் சொன்னார்கள், தங்கள் கையெழுத்தின் மேல் ஒயிட்னர் தடவிப் பார்த்தார்கள், பிளேடால் சுரண்டிப் பார்த்தார்கள், ஒருவர் எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்துக் கார்டில் ஓட்டையே போட்டுவிட்டார். ஒரு கையெழுத்தும் அழியவில்லை, ஓர் எண்ணும் அசையவில்லை. நான் என் வீட்டில், வருஷம் முடிந்து பள்ளி திருப்பிக் கொடுத்த பையனின் பழைய கார்டை எடுத்து என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முந்நூற்று எண்பத்தெட்டை யார் போட்டது என்று நான் இதுவரை என் பையனிடம் பேசியதில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பட்டியல் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரால் இருபது பேர் கிளம்பிப் பண்ணை லைன் வீட்டு வாசலுக்குப் போனோம். ஆமாம், போனோம் என்றுதான் சொல்கிறேன், அந்த இருபதில் நானும் ஒருவன். ஒரு புள்ளைக்காக ஊர்ப் பேரு போகோணுமா, நூறு போனா ஹாஸ்டல் பள்ளிக்காரன் இந்தப் பக்கம் எட்டிப் பாப்பானா, என்றெல்லாம் ஆளுக்கொரு வாய் பேசினோம். கந்தசாமிக் கவுண்டர் தன் பங்குக்கு, கோபிகாவுக்கு நாளைக்கே பண்ணையில் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். சிந்தாமணி நிலைப்படியில் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் பின்னால் கோபிகா நின்றிருந்தாள்.

“பேசி முடிச்சாச்சுங்களா? உங்க புள்ளைங்களுக்கு நீங்க போட்டீங்க. எம் புள்ளைக்கு நான் போடலீங். இதுல உங்களுக்கு என்ன வலி?”

கழகத் தலைவர் செல்போனை எடுத்து, நாக்பூரில் இருந்த துரைசாமியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பின்னால் லாரிகளின் ஹாரன் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துரைசாமி சலிப்போடு சொன்னான், “போட்டுக் குடுத்துரு சிந்தாமணி. இத்தன பேரு வாசல்ல வந்து நின்னா மானக்கேடா இருக்குது.”

“நாக்பூர்ல இருந்துட்டே போட முடிஞ்சா நீங்களே போடுங்க.”

“வீம்பு பண்ணாத. அந்த இருபத்தெட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?”

“இருபத்தெட்டெல்லாம் போயாச்சு. இன்னிக்கு முப்பத்தொண்ணு.”

போனில் லாரிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, ஹாரன் சத்தம் அடங்கியது.

“நேத்து?”

“முப்பது.”

“ஏறுதா?”

“ஏறுதுங்க.”

“புள்ளை அங்க இருக்குதா?”

“இருக்கேன்ப்பா,” என்றாள் கோபிகா.

“சிந்தாமணி, போடாத,” என்றான் துரைசாமி. “யாரு வந்து கேட்டாலும் போடாத. நான் அடுத்த லோடு வேண்டாமுன்னு சொல்லிட்டு வாரேன்.”

நாங்கள் இருபது பேரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பினோம். பட்டியல் கோபிகாவின் பெயரோடுதான் போனது. அதை அனுப்பிய அன்று அர்த்தநாரி சார் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாராம்.

துரைசாமி சொன்னபடி வந்தான், வந்து மகளுக்குக் காலையில் காபி போட்டுக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டான். கோபிகா ஆறாம் வகுப்பை முடித்து ஏழுக்குப் போனாள், ஏழாம் வகுப்பை ஒன்பது நாளில் முடித்தாள், எட்டில் மாட்டிக்கொண்டாள், நாலு நாள் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டினாள், மீண்டாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இந்த அம்மிக்குப் பரீட்சைத் தேதி ஒன்று இருக்கிறது என்பதுதான் இதில் சிக்கல். முப்பத்திரண்டு வந்தது, முப்பத்து மூன்று வந்தது, கணக்குப் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது முப்பத்து நான்கு வந்தது. பரீட்சை அன்று காலையில் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள், சௌந்தர்யாவும் நின்றாள், கோபிகா குளித்துத் தலைவாரி யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்து கார்டைத் திறந்தாள்.

முப்பத்து நான்கு.

ஒருத்தி ஐயோ என்றாள். சிந்தாமணி அவளை ஒரு முறை முறைத்தாள். கோபிகா கார்டை மூடி அம்மா கையில் கொடுத்துவிட்டு, பேனா மூடியைக் கழற்றிக் கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, அப்பாவின் வண்டியில் ஏறிப் போனாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கோபிகாவுக்குக் கணக்கில் முப்பத்து நான்கு.

நான்காம் ஆண்டு நூறு சதவீதத்துக்கு முன்கூட்டியே அடித்து வைத்திருந்த பிளக்ஸைச் சுருட்டி ஸ்டாப் ரூமில் போட்டார்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஒரு கூட்டம் லைன் வீட்டுக்குப் போனது, பார்த்தாயா நாங்கள் சொன்னோமே என்று சொல்லத்தான் முக்கால்வாசிப் பேர் போனார்கள். கோபிகா அழுதுகொண்டிருந்தாள். அழாமல் இருக்க அவள் கல்லா? ஒரே ஒரு மார்க். வந்தவர்களில் ஒரு அம்மா அவள் தலையைத் தடவி, “உனக்கு எழுதுனது அவ்வளவுதான் கண்ணு” என்றாள்.

கோபிகா முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இல்லீங் அத்தை. எனக்கு எழுதுனது இருபத்தெட்டு. முப்பத்து நாலு நான் வாங்குனது.”

அங்கே நின்றிருந்த நான், அவள் சொன்னதை அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் சொன்னேன், அதுவரை நான் இந்த விஷயத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அவளோ மறுநாள் காலையிலேயே ஜூலை மாதத் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மறுபடியும் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

அர்த்தநாரி சார் இரண்டு நாள் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. டி.இ.ஓ. ஆபீஸிலிருந்து கேட்டார்கள், ஹாஸ்டல் பள்ளிக்காரர்கள் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னார். காக்க வேண்டிய நூறு இனிமேல் தன்னிடம் இல்லை என்பது முதல் நாள் அவருக்கு இடி விழுந்த மாதிரி இருந்ததாம், இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் முதுகிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்ததாம், இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதினார், தனித்தேர்வர் விண்ணப்பங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, தன் டிவிஎஸ்ஸில் கிளம்பினார். முதலில் போனது பண்ணைக்கு.

கோழிச் செட்டுக்குள் தலைமையாசிரியர் ஒருவர் நுழைந்து அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, இறகுத் தூசிக்கு நடுவே, கூண்டு வரிசைகளைத் தாண்டித் தாண்டி வந்தார். சிந்தாமணி தன்னிடம்தான் வருகிறார் என்று நினைத்துத் துண்டை அவிழ்த்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய், முட்டைத் தட்டோடு நின்ற சௌந்தர்யாவின் முன்னால் நின்றார். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

“உன்னைய நான் எழுத வுட்டிருக்கோணும் சாமி,” என்றார். “ஜூலைல பரீட்சை. இன்னும் நாப்பத்திரண்டு நாள் இருக்குது. எழுதறயா?”

சௌந்தர்யா அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள், தான் பாதி அடுக்கியிருந்த தட்டைப் பார்த்தாள். தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, சிந்தாமணியின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நாளையில இருந்து நான் அரை நாள்தான் வருவேன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிருங்க.”